135-ஆவது பெயர்



2025 செப்டம்பர் மாதம் முடியும் நேரத்தில் எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு சின்னச் செய்தி வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா வைல்ட் என்ற ஐஸ் ஹாக்கி அணி, கிரில் கப்ரிஸோவ் என்ற ரஷ்ய வீரரோடு எட்டு ஆண்டுகளுக்கு 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் வரலாற்றில் இவ்வளவு பெரிய ஒப்பந்தத்தை இதற்கு முன் யாரும் பெற்றதில்லை. அவ்வளவுதான் செய்தி. இடம் போதாததால் அதையும் நான்கு வரியாக்கிப் போட்டோம்.

அந்த நான்கு வரி என்னை விடவில்லை. யார் இந்தப் பையன், எங்கிருந்து வந்தான் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கோடிக்கணக்கான டாலர் மனதிலிருந்து போய்விட்டது. வேறோர் எண் வந்து உட்கார்ந்துகொண்டது: 135.

என்.எச்.எல். அணிகள் ஆண்டுக்கொரு முறை கூடி, உலகெங்கும் உள்ள 18 வயதுப் பையன்களில் தங்களுக்கு வேண்டியவர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2015 ஜூன் மாதம் ஃபுளோரிடாவின் சன்ரைஸ் நகரில் நடந்த டிராஃப்டில் முதல் பெயர் கானர் மெக்டேவிட். இரண்டாவது ஜாக் ஐக்கல். மெக்டேவிடின் பெயரை அழைப்பார்கள் என்று கனடாவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட முன்கூட்டியே தெரியும். முதல் சுற்று முடிந்து, அடுத்த நாள் ஐந்தாவது சுற்றும் வந்த பிறகு மினசோட்டா ஒரு பெயரைச் சொன்னது. அதுதான் கிரில் கப்ரிஸோவ். அவனுக்கு முன்னால் 134 பேரை அழைத்திருந்தார்கள்.

இன்று மெக்டேவிடும் கப்ரிஸோவும் முதுகில் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். 97. இருவரும் பிறந்தது 1997-இல். ஒருவரை முதலில் அழைத்தார்கள், மற்றவரை 135-ஆவதாக. அந்த 135-இலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் கழிந்த ஆண்டுகளைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். அந்த ஆண்டுகளைச் செய்திகள் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. நாம் அறிந்த ஹாக்கி புல்தரையில் பந்தை வைத்து ஆடுவது. இது பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதில் பக் என்று ஒரு கெட்டியான ரப்பர் வட்டு. உள்ளங்கையில் அடங்கும், எடை 170 கிராம் அளவு. பனியில் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதையும் உறைய வைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். ஒரு வீரர் தொடர்ந்து தளத்தில் நிற்பது முக்கால் நிமிடம்தான். அதற்குள் மூச்சு வாங்கி, பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான், அடுத்தவர் குதித்து வருவார். ஆட்டம் நிற்காமலேயே ஆள் மாறிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு பக் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. சில ஆட்டங்கள் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது: பக்கைத் தேடக் கூடாது, வீரர்களின் தோளையும் இடுப்பையும் பார்க்க வேண்டும். அவை எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அங்கே பக் வந்து சேரும்.

கப்ரிஸோவ் பிறந்த ஊர் நோவோகுஸ்நெட்ஸ்க். மேற்கு சைபீரியாவின் தெற்கில், கெமரோவோ மாகாணத்தில், தோம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மாஸ்கோவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். கடிகாரத்தில் நான்கு மணி நேரம் முன்னால். குஸ்நெட்ஸ் என்றால் ரஷ்ய மொழியில் கொல்லர். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஷோர் மக்கள் இரும்பு உருக்கத் தெரிந்தவர்கள். 1618-இல் அங்கே கோட்டை கட்டிய கோசாக்குகள் அதனால்தான் அதற்குக் கொல்லர் ஊர் என்று பெயர் வைத்தார்கள்.

ரஷ்யா நம்மில் பலருக்குப் புத்தகங்கள் வழியாக அறிமுகமான நாடு. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சைபீரியத் தண்டனைக் காலம் முழுதாகத் தீராத நாட்களில், 1857 பிப்ரவரியில், தஸ்தாயெவ்ஸ்கி மரியா இஸாயெவாவை மணந்துகொண்டது இதே குஸ்நெட்ஸ்கில்தான். இந்த ஊரின் பெயரை நான் முதலில் அறிந்தது அப்படித்தான். ஒரு ஹாக்கி வீரனைத் தேடிப் போன இடத்தில் தஸ்தாயெவ்ஸ்கியின் கல்யாண வீடு வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பழைய ஊர் ஆற்றின் ஒரு கரையில் இருக்க, மறுகரையில் சோவியத் அரசு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் பெரிய உருக்காலையை எழுப்பியது. 1929-இல் வேலை தொடங்கி, 1932-இல் இரும்பு உருகி ஓடியது. அந்த ஆண்டே ஊருக்கு ஸ்டாலின்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள்; 1961 வரை அந்தப் பெயர் இருந்தது. நிலக்கரியும் உருக்கும்தான் ஊரின் சோறு. இன்று ஐந்தரை லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 20 பாகை அங்கே சாதாரணம். குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவே மரப்பலகை அடைத்த சதுரத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டால் காலையில் ஆடுகளம் தயார். அதை ரஷ்யர்கள் கரோப்கா என்கிறார்கள். பெட்டி என்று பொருள். சோவியத் காலத்திலிருந்தே ரஷ்யாவில் எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் மட்டை பிடித்தது இந்தப் பெட்டிகளில்தான். சோவியத் ஹாக்கியின் தந்தை என்று அழைக்கப்படும் அனத்தோலி தராசோவ், இப்படித் தெருவில் ஆடும் பிள்ளைகளுக்காகவே 1964-இல் தங்கப் பக் என்ற போட்டியைத் தொடங்கி வைத்தார்.

ஊரின் அணிக்குப் பெயர் மெட்டலூர்க், அதாவது உருக்காலைத் தொழிலாளி. ரஷ்ய ஹாக்கி அணிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஒரு தொழில் அகராதி மாதிரி இருக்கும். யாரோஸ்லாவ்ல் நகரின் அணி லோகோமோடிவ், ரயில்வேக்காரர்களுடையது. செல்யாபின்ஸ்க் அணி டிராக்டர். ஆலை இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு பனித்தளம். பனித்தளம் இருந்தால் அங்கே ஒரு விளையாட்டுப் பள்ளி. அந்தப் பள்ளியில் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள். சோவியத் போய்விட்டது, அந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு மட்டும் நின்றது. அதிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். செர்கேய் போப்ரோவ்ஸ்கி, 1988-இல் நோவோகுஸ்நெட்ஸ்கில் பிறந்தவர். அவரை எந்த என்.எச்.எல். அணியும் டிராஃப்டில் எடுக்கவேயில்லை. பின்னாளில் லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான விருதை இரண்டு முறையும், லீகின் சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பையை 2024, 2025 என்று அடுத்தடுத்தும் வென்றார். திமித்ரி ஓர்லோவ், 1991-இல் அதே ஊரில் பிறந்தவர், 2018-இல் வாஷிங்டன் அணியோடு ஸ்டான்லி கோப்பை வென்றார். பக்கத்து மெஷ்துரெசென்ஸ்கில் பிறந்து மெட்டலூர்க்கில் ஆடத் தொடங்கிய கோல்கீப்பர் இல்யா ஸோரோகின் இன்று நியூயார்க்கில் ஆடுகிறார். நிலக்கரித் தூசி படிந்த ஒரு மூலையிலிருந்து இத்தனை பேர்.

கப்ரிஸோவ் பிறந்தது 1997 ஏப்ரல் 26. அந்தப் பெயரின் வேரில் இருக்கும் கப்ரீஸ் என்ற சொல்லுக்கு ரஷ்ய மொழியில் குழந்தை பிடிக்கும் அடம், திடீரென்று எழும் ஆசை என்று பொருள். அவரது ஆட்டத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாக வந்து விழுந்திருக்கிறதோ என்று தோன்றும். உயரம் அதிகமில்லை. இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி, தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு வருவார். இவரைவிட ஒரு தலை உயரமான தடுப்பாட்டக்காரர் தோளால் மோதினாலும் பக் மட்டையை விட்டு நகராது. கோல் விழ வழியே இல்லாத கோணத்திலிருந்து அடிப்பார், விழும்.

2014-இல் ரஷ்யாவின் பெரிய லீகான கே.எச்.எல். நடத்திய இளைஞர் டிராஃப்டில் முதல் பெயராக இவரை எடுத்தது சொந்த ஊர் மெட்டலூர்க்தான். அந்த இலையுதிர்காலத்தில், 17 வயதில், பெரியவர்களோடு பனித்தளத்தில் இறங்கினார். முதல் பருவத்தில் 31 ஆட்டங்கள், 4 கோல்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். அணியோ பட்டியலின் அடியில் கிடந்தது. பணமில்லாத கிளப். கொஞ்சம் நன்றாக ஆடுகிறவர்களை மாஸ்கோவின் பெரிய கிளப்கள் அழைத்துப் போய்விடும். ஸோரோகின் அந்தப் பருவத்தின் நடுவிலேயே போய்விட்டார்.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பணக்கார அணியில் இருந்திருந்தால் 17 வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். தோற்றுக்கொண்டிருக்கும் அணியில்தான் ஒரு பையனைத் தளத்தில் இறக்கிவிட இடம் இருக்கும். அடி வாங்கவும், பக்கைத் தொலைக்கவும், மறுநாள் திரும்பவும் இறங்கவும் அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கும். நோவோகுஸ்நெட்ஸ்க் அவருக்குக் கொடுத்தது அந்த இடம். அடுத்த பருவத்தில் 53 ஆட்டங்களில் 11 கோல்கள்.

இந்த இரண்டு பருவங்களுக்கு நடுவில்தான் அந்த 2015 டிராஃப்ட். ஏன் 135? கண்டறிவோர், அதாவது அணிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்த்து வருகிறவர்கள், மாஸ்கோவரை வருவார்கள். அங்கிருந்து இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் போய், தோற்கும் அணியில் சில நிமிடங்கள் ஆடும் குட்டைப் பையனைப் பார்க்க எத்தனை பேர் போவார்கள்? இன்னொரு பயமும் இருந்தது. என்.எச்.எல்.-க்கும் ரஷ்யாவுக்கும் இடையே வீரர்களை மாற்றிக்கொள்ளும் உடன்பாடு இல்லை. ரஷ்யப் பையன் ஒருவனின் பெயரைச் சொல்லி எடுத்துவிடலாம். அவன் தன் ஊர் ஒப்பந்தம் முடிந்து வருவானா, வரவே மாட்டானா என்பது யாருக்கும் தெரியாது. அந்த டிராஃப்டில் ஏழாவதாக அழைக்கப்பட்ட இவான் ப்ரோவோரோவும் ரஷ்யர்தான், யாரோஸ்லாவ்லில் பிறந்தவர். ஆனால் அவர் 13 வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், பிறகு கனடாவின் இளைஞர் லீகில் ஆடி, எல்லோர் கண்ணெதிரேயும் வளர்ந்தார். ஒருவர் சின்ன வயதிலேயே வீட்டை விட்டார், மற்றவர் வீட்டிலேயே இருந்தார். இரண்டு வழியிலும் ஒரு தாய் எதையோ இழக்கத்தான் செய்திருப்பார். எது சரி என்று நான் சொல்லப்போவதில்லை.

எடுத்த பிறகு மினசோட்டா காத்திருந்தது. ஓராண்டு அல்ல, ஐந்தாண்டு.

கப்ரிஸோவ் 2016-இல் உஃபா நகருக்குப் போனார். அங்கே அணியின் பெயர் ஸலவாத் யுலாயேவ். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார் அரசுக்கு எதிரான கலகத்தில் நின்ற பஷ்கீர் மக்களின் வீரன், கவிஞன் அவர். ஒரு கவிஞனின் பெயரில் ஹாக்கி அணி இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உஃபாவில் 49 ஆட்டங்கள், 20 கோல்கள். அந்தப் பருவத்தின் நடுவே கனடாவில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டி. அதற்கு முந்தைய ஆண்டு ஹெல்சின்கி இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஃபின்லாந்திடம் தோற்று, வெள்ளியோடு திரும்பிய ரஷ்ய அணியில் அவரும் இருந்தார். இந்த முறை அவர் கேப்டன். ஏழு ஆட்டங்களில் 9 கோல்கள், போட்டியின் சிறந்த முன்களவீரர், அணிக்கு வெண்கலம். மினசோட்டாவின் ரசிகர்கள் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பையன் நம்முடையவன் அல்லவா, எப்போது வருவான் என்று.

அவர் வரவில்லை. 2017 கோடையில் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணியோடு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சிஎஸ்கேஏ என்பது சோவியத் ராணுவத்தின் பழைய கிளப். தராசோவ் பயிற்சி கொடுத்த இடம். அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. மெட்டலூர்க் நோவோகுஸ்நெட்ஸ்கை கே.எச்.எல். தன் அணிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த ஊர் அணி இரண்டாம் நிலை லீகுக்குப் போனது. பிள்ளை தலைநகரின் பெரிய வீட்டுக்குப் போகும்போது வளர்த்த வீட்டுக்குப் பூட்டு விழுந்தது போல. இரண்டு செய்திகளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் படித்தபோது மனம் கனத்துவிட்டது.

மாஸ்கோவின் முதல் பருவத்தில் கோல்கள் 20-இலிருந்து 15-ஆகக் குறைந்தன. பெரிய வீரர்கள் நிறைந்த அணி. ஆட்டங்களும் 46 மட்டுமே. அந்தப் பருவத்தை எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு படி இறக்கம் என்றுதான் எழுதுவோம். ஆனால் அந்தப் பருவத்தின் நடுவில் பியோங்சாங் ஒலிம்பிக்ஸ் வந்தது.

2018 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு என்.எச்.எல். தன் வீரர்களை அனுப்ப மறுத்துவிட்டது. ஊக்கமருந்து விவகாரத்தால் ரஷ்யா தன் கொடியோடு வர முடியாது; ரஷ்யாவிலிருந்து வந்த ஒலிம்பிக் வீரர்கள் என்ற பெயரில்தான் ஆட வேண்டும். அந்த விவகாரத்தின் வெட்கம் அந்த அரசைச் சேர்ந்தது. பனியில் இறங்கிய 20 வயதுப் பையன் தலையில் அதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அணியில் 39 வயது பாவெல் தத்ஸ்யூக், 34 வயது இல்யா கவல்சூக். இருவரும் என்.எச்.எல்.-இல் பேர் வாங்கித் தாயகம் திரும்பிய மூத்தவர்கள். அவர்களோடு இந்த இளையவர்.

பிப்ரவரி 25, இறுதி ஆட்டம், ஜெர்மனியோடு. யாரும் எதிர்பாராத ஜெர்மனி அரையிறுதியில் கனடாவை வீழ்த்திவிட்டு வந்திருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஜெர்மனி 3-2 என்று முன்னேறியது. அடுத்த நிமிடத்திலேயே ரஷ்ய வீரர் ஒருவருக்குத் தண்டனை. இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஒரு கோல் பின்தங்கிய நிலையில், ஓர் ஆள் குறைவாக, கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடிந்தது என்று யாரும் எழுந்து போயிருக்கலாம். ரஷ்யர்கள் தங்கள் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு அவர் இடத்தில் இன்னோர் ஆட்டக்காரரை இறக்கினார்கள். கோல் காலியாகக் கிடக்கிறது. இன்னும் 56 விநாடி இருக்கும்போது நிகிதா கூஸெவ் அடித்தார். 3-3.

கூடுதல் நேரத்தில் பத்தாவது நிமிடம். இப்போது ஜெர்மனிக்குத் தண்டனை, ரஷ்யாவுக்கு ஓர் ஆள் அதிகம். கூஸெவ் இடது பக்கம் பக்கை வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் கப்ரிஸோவ் மட்டையை ஓங்கியபடி நிற்கிறார். குறுக்கே பக் வந்தது. நிறுத்தவில்லை, பார்க்கவில்லை, வந்த வேகத்திலேயே அடித்தார். 4-3. தங்கம். 1992-க்குப் பிறகு அந்த மண்ணின் ஹாக்கிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பதக்கமேடையில் ஒலிம்பிக் கீதம்தான் ஒலித்தது. வீரர்கள் அதற்கு மேல் தங்கள் நாட்டுக் கீதத்தைத் தாங்களே பாடினார்கள்.

அந்தக் காட்சியை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். கோலைப் பார்க்க அல்ல. கோலுக்கு முந்தைய இரண்டு விநாடியைப் பார்க்க. முழங்கால் மடிந்து, மட்டை பின்னால் போய், பக் இன்னும் வராதபோதே அவர் உடம்பு தயாராகிவிடுகிறது. பக் வரும் என்ற நிச்சயம். பட்டியலின் அடியில் கிடந்த அணியில், கூட்டம் நிரம்பாத அரங்கங்களில், நீண்ட விமானப் பயணங்களுக்கு நடுவே பழகிப் பழகி உடம்பில் ஊறிய நிச்சயம் என்றுதான் நான் நம்புகிறேன்.

பிறகு இன்னும் இரண்டு பருவம். 2018-19-இல் 30 கோல்கள், லீகிலேயே அதிகம். சிஎஸ்கேஏ தன் வரலாற்றில் முதல்முறையாக கே.எச்.எல். சாம்பியனுக்கான ககாரின் கோப்பையை வென்றது. விண்வெளிக்குப் போன அதே யூரி ககாரின் பெயரில் உள்ள கோப்பை. அடுத்த பருவத்தில் 33 கோல்கள், மீண்டும் முதலிடம். கொரோனாவால் அந்தப் பருவம் பாதியில் நின்றது. 4, 11, 20, 15, 30, 33. ஆறு பருவங்களின் கோல் கணக்கு இது. நடுவில் இறங்கி நிற்கும் அந்த 15-இன் ஆண்டில்தான் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2020 ஜூலையில், மாஸ்கோ ஒப்பந்தம் முடிந்த பின், கடைசியில் மினசோட்டாவோடு கையெழுத்திட்டார். அங்கே அவரை டிராஃப்டில் எடுத்த மேலாளர் சக் ஃப்ளெட்சர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். வரவேற்றவர் புதிய மேலாளர் பில் கெரின். சந்தேகங்களும் வரவேற்றன. ஐரோப்பிய மரபில் பனித்தளத்தின் அகலம் 30 மீட்டர் வரை இருக்கும், என்.எச்.எல்.-இல் 26. நான்கு மீட்டர் குறைந்தால் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது, மோதல் கூடுகிறது. குட்டையானவர், மொழி தெரியாதவர், வயது 23 ஆகிவிட்டது.

2021 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ். முதல் ஆட்டம். கொரோனாக் காலம் என்பதால் அரங்கில் ஒரு ரசிகர்கூட இல்லை. ஐந்தரை ஆண்டு காத்திருந்தவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கோல்களுக்கு உதவினார். ஆட்டம் 3-3 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. கூடுதல் நேரத்தில் பக்கை எடுத்துக்கொண்டு போய் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. காலி இருக்கைகளுக்கு நடுவே, கத்துவதற்குக் கூட்டமில்லாத அந்த வெளிச்சத்தில், சக வீரர்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது இரவு. நோவோகுஸ்நெட்ஸ்கில் மறுநாளின் பகல், பனிக்காலத்தின் உச்சம்.

அந்தச் சுருங்கிய பருவத்தில் 55 ஆட்டங்களில் 27 கோல்கள், கோலுக்கு உதவியதையும் சேர்த்து மொத்தம் 51 புள்ளிகள். லீகின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது கிடைத்தது. மினசோட்டாவின் வீரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. வாக்களித்த நூறு பேரில் 99 பேர் முதலிடத்தில் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்.

24 வயதில், ஆறு பருவங்கள் பெரியவர்களோடு ஆடிய ஒருவரைப் புதுமுகம் என்று அழைக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். பழைய முணுமுணுப்புதான். செல்யாபின்ஸ்கின் செர்கேய் மகாரோவ் 1990-இல் 31 வயதில் இந்த விருதை வாங்கியபோது கூச்சல் எழுந்து, பிறகு வயது வரம்பே கொண்டுவந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு பருவங்களையும் என்.எச்.எல்.-க்கு முந்தைய வெறும் தயாரிப்பு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. அவை ஒரு மனிதன் தன் மொழி பேசும் ஊர்களில், தன் மண்ணில் ஆடிய முழு வாழ்க்கை. உஃபாவில் அவருக்காகக் கைதட்டியவர்களுக்கு அவர் யாருடைய புதுமுகமும் அல்ல.

மெட்டலூர்க் இன்னமும் இரண்டாம் நிலை லீகில்தான் ஆடுகிறது. ஆனால் ஊரின் பனித்தளமும் பிள்ளைகளின் பள்ளியும் மூடவில்லை. அங்கே இப்போது ஸ்கேட்டின் கயிற்றை அப்பா இறுக்கிக் கட்டிவிட, தளத்தில் தடுமாறி நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் எங்களுக்கு எழுதும் வாசகர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது ஐஸ் ஹாக்கி ஆடினால் அதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். விடிவதற்கு முன் எழுந்து பனித்தளத்துக்குக் கூட்டிப் போகும் அப்பா, கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்கில் தேநீரோடு குளிரில் நிற்கும் அம்மா, பேரன் விழும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் அம்மம்மா, இவர்களுடைய வாயால் இந்த ஆட்டத்தைக் கேட்க ஆசையாக இருக்கிறது. பிள்ளை தேர்வு பெற்ற அணியின் பெயர் வேண்டாம். எந்த வயதில் முதலில் விழாமல் நின்றது என்று எழுதுங்கள், போதும்.

அன்புடன்,
ஆசிரியர்